பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்கு நன்கொடை கேட்பது எப்படி? மட்டக்களப்பு வாவிக்கரை தரும் பாடம்



இளைஞர் மன்றத்துத் தம்பிமாரும் மாதர் சங்கத்து அக்காமாரும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நம்ம தோட்டத்துல பள்ளிக்கூடத்த விட்டுட்டு இருவது முப்பது பிள்ளைங்க சும்மா நிக்குதுங்க. ஏதாச்சும் தொழில் பழக்கிவுடணும். யாருகிட்ட காசு கேக்கலாம்?"

நல்ல கேள்விதான். யாரிடம் கேட்கலாம் என்பதை இந்தப் பாடத்தின் பிற்பகுதியில் சொல்கிறோம். ஆனால் நாம் பார்த்தவரையில், காசு கொடுப்பார் இல்லாமல் கெட்டுப்போன காரியங்களைவிட, எதற்குக் காசு என்று சரியாக எழுதாமல் கெட்டுப்போன காரியங்களே அதிகம். தையல் இயந்திரம் பத்து வரும், கொம்பியூட்டர் ஐந்து வரும், திறப்புவிழா நடக்கும், பெரியவர்களுக்கு மாலை விழும். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் அறைக்குப் பூட்டு. பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தி கொழும்பில் வீட்டு வேலை, ஒருவன் புடவைக்கடையில் சிப்பந்தி. இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்வதற்கு மட்டக்களப்புப் பக்கம் ஒரு நடை போய்வருவோம்.

மட்டக்களப்பு ஏன் என்று கேட்பீர்கள். அது நமக்கு அந்நியமான ஊர் அல்ல. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிப்போகும் ஏ5 வீதி செங்கலடியில்தான் போய் முடிகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து அந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. போர், 2004 டிசம்பர் 26 கடற்கோள், 2007 இடப்பெயர்வு, பிறகு மீள்குடியேற்றம் என்று அடிமேல் அடி வாங்கிய மாவட்டம் அது. அதனால் வெளிநாட்டு நன்கொடை என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்ட ஊர்.

முதலில் அந்த இடத்தை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான தரை எழுவான்கரை, அதாவது சூரியன் எழுகிற கரை. வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை, சூரியன் படுகிற கரை. நகரம், பெரிய ஆஸ்பத்திரி, பெயர்பெற்ற பாடசாலைகள், பிரதான வீதி எல்லாம் கிழக்குப் பக்கத்தோடு. வயலும் மாடும் காடும் மேற்குப் பக்கம். படுவான்கரைப் பிள்ளை ஒன்று நகரத்தில் தொழில் படிக்க வேண்டுமானால் வாவியைக் கடக்க வேண்டும். அங்கே "பாதை" என்று சொல்வது நாம் நடக்கிற பாதை அல்ல. ஆளையும் சைக்கிளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு அந்தப் பெயர். மண்முனையில் இப்படித்தான் கடந்தார்கள். யப்பானிய அரசின் நன்கொடையில் கட்டிய பாலம் 2014இல் திறந்த பிறகுதான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் அங்கே பாதைக்குக் காத்திராமல் போய்வர முடிந்தது.

நம் தோட்டத்துப் பிள்ளை மேற்கணக்கிலிருந்து டவுனுக்குப் போகும் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே தண்ணீர், இங்கே மலை. அங்கே பாதைக்குக் காத்திருந்தார்கள், இங்கே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்.

அந்த வாவிக்கரையில் தொழில்கல்வி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. இயேசு சபைக் குருமார் மட்டக்களப்பில் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் என்ற தொழிற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பல காலம் படிப்பித்து, கூடைப்பந்தும் பழக்கிய யூஜின் ஹெபர்ட் அடிகளார் பிற்காலத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் கூடப்போன இளைஞரும் காணாமற்போனார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளோடு நிற்பதற்கே என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு நாம் திட்டம், பாதீடு என்று பேச முடியாது.

இனி, நன்கொடை கேட்கும் விசயத்தில் நாம் முக்கியமாகப் படிக்க வேண்டிய இடம் வேறொன்று. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. அது தொழில் பழக்கும் இடம் அல்ல. போரால் மனம் உடைந்த சிறுபிள்ளைகள் வந்து களிமண் பிசைந்து, படம் வரைந்து, கதை சொல்லி, ஆடிப்பாடி இருப்பதற்கான தோட்டம். கனடாக்காரரான போல் ஹோகன் என்ற கலைஞரும், இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதைத் தொடங்கினார்கள். நமக்கு முக்கியம் அது எந்த ஒழுங்கில் நடந்தது என்பது. தோட்டம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பு, 1990களின் முற்பகுதியில், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஹெல்த் ரீச் என்ற குழு போர்ப் பிரதேசத்துப் பிள்ளைகள் என்ன கண்டார்கள், என்ன பட்டார்கள் என்று ஆராய்ந்து எழுதிவைத்தது. பிள்ளைகளிடம் கேட்டது முதலில். அந்தப் பதிலுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தது இரண்டாவது. காசு தேடியது மூன்றாவது.

நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். "இந்த எம்பசி கொம்பியூட்டர் குடுக்குதாம்" என்று யாராவது காதில் போடுவார்கள். உடனே நமக்குக் கொம்பியூட்டர் தேவையாகிவிடும்.

அந்தப் பூங்காவில் இன்னொரு சின்ன விசயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை நீங்களே வந்து சேருங்கள் என்று விட்டுவிடவில்லை. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ் அனுப்பிக் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். போரும் சோதனைச்சாவடியும் நிறைந்த நாட்களில் பஸ் இல்லாவிட்டால் தோட்டம் இருந்தும் பிள்ளை இருந்திருக்காது. ஒரு கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்தால் பஸ் செலவு வீண் செலவு. உள்ளே நடக்கும் வேலைக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் அந்த வேலை நடந்ததே அதனால்தான்.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வந்தது இதுவே. பிள்ளையை வகுப்பிலிருந்து மறித்து வைத்திருப்பது எதுவோ அதற்குத்தான் முதலில் காசு கேட்க வேண்டும். வகுப்புக்கான காசு இரண்டாவது.

2003இல் போர்நிறுத்த காலத்தில், வடக்கு கிழக்கில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு செயற்திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் உடன்பட, யுனிசெப், சர்வதேச தொழில் அமைப்பு முதலியவை சேர்ந்துகொண்டன. படிப்பை விட்ட பிள்ளைகளை மறுபடி பாடசாலைக்குக் கொண்டுவருவது, விட்ட பாடங்களைப் பிடித்துக் கொடுக்கும் வகுப்புகள், வயது வந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி, குடும்பத்துக்குச் சிறுகடன் என்று பல பகுதி அதில் இருந்தன. போர் மறுபடி மூண்டு அது எண்ணியபடி போகவில்லை என்பது வேறு கதை. ஆனால் திட்டம் போட்டவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். பிள்ளையின் பக்கத்தில் குடும்பத்தின் வருமானமும் எழுதப்பட்டிருந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஒரு சம்பளக்காரன். அவனை ஆறு மாதம் வகுப்பில் உட்காரவைத்தால் அந்த ஆறு மாதத்து அரிசிக்கு யார் பொறுப்பு?

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே பாடம்தான். 1988இல் இந்திய அரசு தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசியும் அதற்குள் வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்து, மதியச் சாப்பாடும் மாதம் ஒரு சிறு உதவித்தொகையும் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான், 100 ரூபாயில் இருந்து பிறகு 150 ஆகி, பின்னாளில் 400 ஆனது. போதாது என்று சொல்லலாம். ஆனாலும் புத்தகத்துக்கு மட்டும் காசு ஒதுக்கினால் பிள்ளை வராது என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டதற்கு அது அடையாளம்.

கடற்கோளுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரைக்கு நிறுவனங்கள் வந்து குவிந்தன. மனம் நிறைந்து கொடுத்தவர்கள் கோடிக்கணக்கான மக்கள். ஆனால் காசு வேகமாகச் செலவாக வேண்டும், படம் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அவசரமும் கூடவே வந்தது. இலங்கைக் கரையோரத்தில் சில இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்ததைப் பிற்காலத்து மதிப்பீடுகள் எழுதிவைத்துள்ளன. படகு கண்ணுக்குத் தெரியும், படத்தில் விழும். ஒரு பிள்ளையின் ஆறு மாதத்துப் பஸ் காசு படத்தில் விழாது.

பிறகு 2010களில் வந்த சில திட்டங்கள் வேறு விதமாக யோசித்தன. அவுஸ்திரேலிய அரசின் நிதியில், உள்ளடக்கிய வளர்ச்சிக்கான திறன்கள் என்ற பெயரில், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலனறுவை ஆகிய நாலு மாவட்டங்களில் சுற்றுலாத் தொழிலைச் சுற்றி ஒரு திட்டம் நடந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய காலம். அந்தத் திட்டம் வேலை கொடுக்கும் முதலாளிமாரையும் உள்ளே கொண்டுவந்தது. என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு, அதற்கேற்பப் பயிற்சி. வேலை செய்யும் இடத்திலேயே பழக்குவதும் உண்டு. மாற்றுத்திறனாளிகளையும் விட்டுவிடவில்லை. நம் பக்கத்தில் நுவரெலியாவிலும் எல்லாவிலும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். தோட்டத்துக்கு அடியிலேயே ஹோட்டல் இருக்கிறது. அங்கே சமையலறையில் என்ன படிப்புக் கேட்கிறார்கள் என்று நம் மன்றத்திலிருந்து ஒருவராவது போய் விசாரித்தது உண்டா?

சரி, இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு கொப்பி எடுங்கள்.

நன்கொடைக் கடிதத்தை எழுத உட்காரும் முன், லயம் லயமாகப் போய் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் நின்று "யாரு வீட்டுல பிள்ளை நிக்குது?" என்று கேட்டால் பாதிப்பேர் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் போய், தாயோடு தனியாக, பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். பெண்பிள்ளைகளிடம் பேச மாதர் சங்கத்து அக்கா ஒருவர் போகட்டும். பெயர், வயது, எந்த வகுப்போடு நின்றது, எந்த வருசம், இப்போது என்ன செய்கிறது. கடைசியாக, ஏன் நின்றது என்பதைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். நம் பாஷையில் திருத்தி எழுதக்கூடாது. "வறுமை" என்று நாம் எழுதுவோம். பிள்ளை சொன்னது "சப்பாத்து கிழிஞ்சிருச்சு, சேர் வெளிய நிக்கவெச்சாரு" என்பதாக இருக்கும். கொடையாளர் படிக்க வேண்டியது இரண்டாவது வாக்கியத்தை.

வயது விசயத்தில் கவனம். 2016 முதல் இலங்கையில் 5 தொடக்கம் 16 வயது வரை கட்டாயக் கல்வி. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதையும் 2021இல் சட்டம் திருத்தி 14இலிருந்து 16 ஆக்கினார்கள். ஆகவே 14 வயதுப் பிள்ளையைத் தொழிற்பயிற்சிப் பட்டியலில் போட்டு எழுதினால் படித்தவர் யாரும் காசு தர மாட்டார். தரவும் கூடாது. அந்தப் பிள்ளையை வேறு பட்டியலில் எழுதி, வலயக் கல்விக் காரியாலயத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கொண்டுபோங்கள். மறுபடி பாடசாலையில் சேர்ப்பதற்கு அவர்தான் வழி.

கணக்கு எடுத்து முடிந்ததும் காரணங்களைக் கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு தோட்டத்தில் 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். (இது விளக்குவதற்காக நாம் போட்ட கணக்கு, எந்தத் தோட்டத்துக் கணக்கும் அல்ல.) டவுனில் அரச தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, ஆறு மாத வகுப்பு, கட்டணம் இல்லை. பிள்ளைகள் போகவில்லை. ஏன்? பஸ்ஸுக்குப் போய்வர நாளுக்கு 160 ரூபா என்று எடுங்கள். மாதம் 22 நாள், ஆறு மாதத்துக்கு 132 நாள். ஒரு பிள்ளைக்கு 21,120 ரூபா. இருபது பேருக்கு 4,22,400 ரூபா.

இந்தத் தொகையைப் பார்த்தவுடன் நமக்குக் கை நடுங்கும். "பஸ் காசுக்கு நாலு லட்சமா, வெள்ளைக்காரன் சிரிப்பான்" என்று அடித்துவிட்டு, அதே நாலு லட்சத்துக்கு இயந்திரம் வாங்குவதாக எழுதுவோம். டவுனில் இருக்கிற இயந்திரத்துக்குப் போட்டியாகத் தோட்டத்தில் இன்னொரு இயந்திரம். பழக்க ஆள் இல்லை, திருத்த ஆள் இல்லை, சான்றிதழுக்கும் மதிப்பு இல்லை. அந்த 4,22,400ஐ அடிக்காதீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "வகுப்பு, ஆசிரியர், இயந்திரம் எல்லாம் அரச நிலையத்தில் இலவசமாக உள்ளன. எங்கள் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வதற்கு மட்டும் உதவி கேட்கிறோம்." விசயம் தெரிந்த கொடையாளருக்கு இதைவிட மலிவான திட்டம் கிடைக்காது.

அதேபோலப் பகல் சாப்பாடு. அதேபோல முதல்நாள் போட்டுப்போக ஒரு சோடி சப்பாத்து. அதேபோலப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. இவை இல்லாமல் பயிற்சி நிலையத்தில் பதிவதும் பரீட்சைக்கு இருப்பதும் கஷ்டம். கடற்கோளில் வீட்டோடு பத்திரங்களும் போன சனத்துக்காக நடமாடும் சேவைகள் வைத்துத்தான் சான்றிதழ் எடுத்துக்கொடுத்தார்கள். நம் தோட்டங்களில் அலை அடிக்கவில்லை, ஆனாலும் பெயர் ஒரு விதமாகவும் பிறந்த திகதி ஒரு விதமாகவும் பதிந்த பிள்ளைகள் எத்தனை! கணக்கு எடுக்கும்போதே இதையும் ஒரு நிரலில் எழுதுங்கள். திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்துக்கு இரண்டு மூன்று நடை போக வேண்டும். அந்த நடைக்கும் பாதீட்டில் இடம் விடுங்கள்.

கடித விலாசமும் நமக்கு ஒரு தலையிடி. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாமல், கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்திருக்கும். விண்ணப்பத்தில் கைபேசி இலக்கம் இரண்டு எழுதுங்கள். ஒன்று பிள்ளையின் வீட்டுடையது, மற்றது மன்றச் செயலாளருடையது.

எந்தப் பயிற்சி என்பதில் ஒரே ஒரு விதி. என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற் தகைமை கிடைக்கும் பயிற்சியாகப் பாருங்கள். அது ஏழு மட்டங்கள் கொண்டது. நாலாம் மட்டம் என்றால் முழுத் தொழில் தெரிந்தவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். க.பொ.த. சாதாரண தரம் தவறிய பிள்ளைக்கும் இந்தப் படிக்கட்டில் கால்வைக்க இடம் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொழும்பில் மூன்று வருசம் மேசன் பாஸோடு நின்று கைவேலை பழகிய பையன், வகுப்புக்கே போகாமல், முன்பு கற்றதை மதிப்பிடும் முறையில் தன் திறமையைக் காட்டித் தகைமை பெறலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆறு மாத வகுப்புத் தேவையில்லை, மதிப்பீட்டுக்கான செலவும் வழிகாட்டலும் போதும். உங்கள் பட்டியலில் அவர்களைத் தனியாகப் பிரித்து எழுதினால் பாதீடு பாதியாகக் குறையவும் கூடும்.

இப்போது, யாரிடம் கேட்பது?

முதலில் காசு கேட்காமல் ஆளையும் இடத்தையும் கேட்க வேண்டியவர்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம். இவை அரச நிறுவனங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள உத்தியோகத்தர்களிடம் கேட்டால் உங்கள் பக்கத்தில் எது, என்ன வகுப்பு, எப்போது தொடங்கும் என்று சொல்வார்கள். இவர்களிடமிருந்து "இத்தனை பிள்ளைகளைச் சேர்க்க இடம் தருகிறோம்" என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால், உங்கள் நன்கொடை விண்ணப்பத்துக்கு அதுதான் முதுகெலும்பு.

அடுத்தது நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. நியாய வணிகச் சான்று பெற்ற தோட்டங்களில் தேயிலை விற்பனையில் கிடைக்கும் மேலதிகத் தொகையைத் தொழிலாளர் குழுவே கூடி எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கிறது. உங்கள் தோட்டம் அப்படிப்பட்டதா என்று கேட்டுப்பாருங்கள். குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். போன முறை அந்தக் காசு எதற்குப் போனது என்று கேட்பதும் உங்கள் உரிமைதான்.

வெளிநாட்டுத் தூதரகங்களின் சிறு நன்கொடைகள் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத் தெரியாமல் எழுதினால் தபால் செலவு நட்டம். யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடை கட்டடம், உபகரணம் போன்ற நிலைத்து நிற்கும் பொருட்களுக்கு. சம்பளத்துக்கும் அன்றாட நடைமுறைச் செலவுக்கும் அது தருவதில்லை. ஆகவே பஸ் காசுக்கு அங்கே எழுதிப் பலனில்லை. உள்ளூர் முயற்சிகளுக்கான கனடா நிதி, அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் ஆகியவை சிறு அமைப்புகளின் குறுகிய காலத் திட்டங்களைப் பார்ப்பவை. எந்த வருசம் எந்த விசயத்துக்கு முதலிடம், விண்ணப்பம் எப்போது முடிகிறது என்பதை அந்தந்தத் தூதரகத்தின் அறிவித்தலில் பார்த்துத்தான் எழுத வேண்டும். போன வருசத்து விதி இந்த வருசம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கட்டடம் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மட்டக்களப்புக் கிராமத்தில் சங்கத்துக்கென்று ஒரு துண்டுக் காணி இருக்கலாம். நம் நிலைமை அப்படி அல்ல. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. கொடையாளர் முதல் கேட்பது காணிப் பத்திரம். அது நம்மிடம் இல்லை. துரையின் வாய்ச்சொல்லை நம்பி எழுத முடியாது, அவர் மாறிப்போனால் அடுத்த துரை பொறுப்பு எடுக்க மாட்டார். ஆகவே புதுக்கட்டடம் கேட்பதைவிட, பாவிக்காமல் கிடக்கும் பழைய பிள்ளைக்காம்பராவையோ வாசிகசாலையையோ எழுத்தில் அனுமதி வாங்கித் திருத்தி எடுப்பது சுலபம். பிள்ளைகள் டவுனுக்கே போய்ப் படிப்பார்களானால் அதுகூடத் தேவைப்படாது.

பதிவு இல்லாத மன்றத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இதற்கென்று உள்ளது. பதியும் முறை காலத்துக்குக் காலம் மாறுவதால் பிரதேச செயலகத்தில் விசாரித்துச் செய்யுங்கள். யாப்பு, நிர்வாக சபைப் பெயர்ப்பட்டியல், கூட்ட அறிக்கைப் புத்தகம், இரண்டு அல்லது மூன்று பேர் கூட்டாகக் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். நம் மரணாதாரச் சங்கங்களில் ஐம்பது ரூபாய்க்கும் கணக்குக் காட்டும் அக்காமார் இருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் சத்தம்போடும் ஆளைப் பொருளாளராகப் போடாமல் அந்த அக்காவைப் போடுங்கள்.

பதிவு முடியும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்று சொல்வீர்கள். உண்மை. அப்படியானால் ஏற்கெனவே பதிந்து நல்லபெயர் எடுத்த ஓர் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். ஆனால் காசு யார் கையில், தீர்மானம் யார் கையில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் ஒப்பமிட்ட பிறகு.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் எழுதித்தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நீங்கள் தமிழில் மூன்று பக்கம் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் "பின்தங்கிய சமூகத்தை வலுவூட்டல்" என்று எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு திட்டம் வரும். படிப்பவருக்கு உங்கள் தோட்டம் தெரிய வேண்டும். டவுன் எத்தனை கிலோமீற்றர், பஸ் எத்தனை மணிக்கு, எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன சொன்னார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் எங்கே வேலையில் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். இருபது பேரும் வேலைக்குப் போவார்கள் என்று எழுதாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். சிலர் நடுவில் விடுவார்கள், சிலருக்குக் கல்யாணம் ஆகும். அதையும் எழுதி, அப்படி நடந்தால் பட்டியலில் அடுத்த பிள்ளை சேரும் என்று எழுதுங்கள். நீங்கள் போடும் பங்கையும் எழுதுங்கள். மாதர் சங்கம் சமைக்கும் சாப்பாட்டின் கூலி, கணக்கு எழுதும் ஆளின் நேரம் எல்லாம் பங்குதான், அவற்றுக்கும் விலை உண்டு.

பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டாம். எத்தனையாம் பிள்ளை என்று இலக்கம் போட்டால் போதும். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை என்று ஒரு படத்தின் கீழ் எழுதி அச்சடித்துவிட்டால், அந்தப் பெண்பிள்ளைக்குப் பத்து வருசம் கழித்தும் அது பின்னாலேயே வரும். காசு தருகிறவர் வற்புறுத்திக் கேட்டால் பெற்றோரையும் பிள்ளையையும் கேட்டு, இரண்டு பேரும் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும்.

அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்துப் பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், ஒரு மாதத்தில் மரியாதையாக ஒரு கடிதம் போட்டு என்ன குறை என்று கேளுங்கள். சிலர் சொல்வார்கள். சொன்னதைத் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்பலாம். இடையில் பிள்ளைகளின் பட்டியலைப் பூட்டிவைக்காமல், மாதக் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டைத் திருத்தத்துக்கும் பாடசாலையில் மறுபடி சேர்ப்பதற்கும் எந்தத் தூதரகமும் தேவையில்லை. அந்த வேலையை வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.